எண்பத்தாறு விழுக்காடு

இரும்பே போதும் என்று எழுதியிருந்தாள் போக்லார்கா.
சில ஃபோரிண்டுக்கு ஒரு புட்டி நிறையக் கிடைக்கும்
துருநிறக் குளோரைடு.
தங்கத்தோடு விலை பேசும் பல்லேடியம் எதற்கு?
புரோமின் சுமக்கும் வளையம் ஒருபுறம்,
மீன்வாடை அடிக்கும் அமீன் மறுபுறம்,
கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே
ஒரு கோடு விழ வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.
விழுந்தது.
எண்பத்தேழு விழுக்காடு.

செகெட் நகரில் அந்தப் பிப்ரவரி
டிஸா ஆற்றின் ஓரங்கள் உறைந்து கிடந்தன.
மூன்றாம் மாடியில்
நூற்றுப்பத்து டிகிரி எண்ணெயில் அமிழ்ந்த குடுவை.
அதன் தலையில் ஒரு பலூன் நிறைய நைட்ரஜன்:
எதனோடும் சேராமல் காவல் நிற்பது.
உள்ளே இன்னொரு நைட்ரஜன்
சேர்வதற்கென்றே கொதித்துக்கொண்டிருப்பது.
இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால்
யார் நம்புவார்கள்?

கட்டுரை போன இடத்திலிருந்து
பெயரில்லாத யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்:
இரும்பில்லாமல் செய்து பார்த்தீர்களா?

பார்க்கவில்லை.
அடுப்பில்லாமல் சோறு வேகுமா என்று
யாராவது சோதிப்பார்களா என்ன?
எரிச்சலோடுதான் வைத்தாள்.
காலையில் தகட்டின் மேல், புற ஊதா வெளிச்சத்தில்,
அதே உயரத்தில் அதே கரும்புள்ளி.
எண்பத்தாறு.

அடியோடு தோற்றிருந்தால்
இரும்பு ஜெயித்திருக்கும்.
ஒன்றே ஒன்று குறைந்ததுதான்
அவளைக் கழிவறைக்குப் போய் அழவைத்தது.

காரத்தை மாற்றினாள், வேறு நிறுவனம், வேறு புட்டி.
டொலுவீனை மாற்றினாள்.
அமீனை இரண்டு தடவை காய்ச்சி வடித்தாள்.
எண்பத்தைந்து. எண்பத்தாறு.
மறுபடியும் எண்பத்தாறு.
யாரோ இருக்கிறார்கள் குடுவைக்குள்.

மூன்றாம் வாரம், கழுவும்போது
காந்தக் கிளறி கைதப்பிக் குழாய்க்குள் போனது.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.
போகட்டும் என்று
பொட்டலம் பிரித்துப் புதியதைப் போட்டாள்.
மறுநாள் வளையம் வளையமாக இருந்தது,
அமீன் அமீனாக இருந்தது.
வைத்தது வைத்தபடி.

நெடுநேரம் நின்றாள்.
பிறகு ஒரு நூலில் காந்தத்தைக் கட்டி
தொட்டியின் ஓட்டைக்குள் இறக்கினாள்.
ஆற்றுப்பனியைத் துளைத்துத் தூண்டில் போடுகிறவர்களைப் போல
மூச்சடக்கிக் காத்தாள்.
டிக்.

வெள்ளை டெஃப்லான் உடம்பில்
பென்சில் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கீறல்.
நுனியில், ஊசியால் கீறிய எழுத்து:
ஜோம்போர்.

நான்கு வருடம் பல்லேடியத்தோடு மாரடித்தவன்.
ஆய்வேட்டை முடிக்காமலே
டெப்ரெட்சன் பேட்டரி ஆலைக்குப் போனவன்.
போன அன்று
இழுப்பறையைத் திறந்தபடி விட்டிருந்தான்.

வினையூக்கி புகும், சேர்த்துவைக்கும்,
வந்தது போலவே வெளியேறும்
என்கிறது பாடப்புத்தகம்.
வெளியேறுவதாவது!
கீறலுக்குள் கறுப்பாய் ஒண்டிக்கொள்கிறது.
கண்ணுக்குப் படாத அளவில்
அடுத்தவர் குடுவையில் போய் உழைக்கிறது,
கூலியில்லாமல், பெயரில்லாமல்.
வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிறார்கள்.
இங்கே விதைத்தவன் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
இரவுப் பணியில் இருக்கிறான்.
அறுவடை இவள் கணக்கில்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம்
மூன்றே வரிதான். அதற்கு இரண்டு மணி நேரம்.
கிளறியைக் கழுவ
ராஜதிராவகம் கலந்து வைத்திருந்தாள்.
ஆரஞ்சு நிறத்தில் அது புகைந்துகொண்டிருந்தது.
போடவில்லை.
சின்னப் புட்டியில் இட்டு மூடி
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு தொலைபேசினாள்.
“உன் பல்லேடியம் இன்னும் வேலை செய்கிறது.”
அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல்.
“எத்தனை விழுக்காடு?”
“எண்பத்தாறு.”
ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டு
இரைச்சல் நின்றது.
“எனக்கு ஒருநாளும்
ஐம்பதைத் தாண்டினதில்லை” என்றான்.